எங்கிருந்து எடுப்பது, யாரை நம்புவது: லினக்ஸின் ஒரு சின்னக் கோப்பின் வரலாறு

கலேவெலயில் இருந்துகொண்டு ஒருவர் தன் மடிக்கணினியில் உபுண்டு நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவும்போது நேர வலயம் கேட்கும. அந்தப் பட்டியலில் கலேவெல இருக்காது, தம்புள்ளையும் இருக்காது. கொழும்பைத்தான் தெரிவு செய்ய வேணும். அந்த ஒரு கிளிக்கோட, நமக்குத் தெரியாமலே இன்னொரு வேலையும் நடந்துபோகும். கணினிக்குள் இருக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில், மென்பொருள் எடுக்க வேண்டிய முகவரியின் முன்னால் 'எல்கே' என்ற இரண்டு எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். அது இலங்கையின் இணையக் குறியீடு.

பெரும்பாலானோர் அந்தக் கோப்பை ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் லினக்ஸ் பாவிக்கும் ஒவ்வொருவருடைய கணினியிலும் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது அதுதான். இந்தக் கட்டுரை அந்தக் கோப்பைப் பற்றியது.

முதலில் ஒரு விளக்கம். லினக்ஸில் மென்பொருளை இணையத்தில் தேடி, இறக்கி, இரண்டு தரம் கிளிக் பண்ணி நிறுவுகிற பழக்கம் குறைவு. அந்த வேலைக்கென்றே பொதி மேலாளர் என்று ஒரு நிரல் இருக்கு. கேட்டதைக் கொண்டுவருவது, அதற்குத் தேவையான மற்றப் பொதிகளையும் சேர்த்து எடுப்பது, புதுப்பிப்பது, அகற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு. அது எங்கே போய் எடுக்க வேண்டும், எந்த வெளியீட்டை எடுக்க வேண்டும், யாருடைய கையொப்பத்தை ஏற்க வேண்டும் என்று சொல்பவைதான் அதன் அமைவுக் கோப்புகள். டெபியன், உபுண்டு குடும்பத்தில் இதில் முக்கியமானது சோர்ஸஸ்.லிஸ்ட். ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் ரெப்போ கோப்புகள். ஆர்ச் லினக்ஸில் பேக்மேன்.கொன்ஃப். பெயர் வேறு, வேலை ஒன்றுதான்.

கையில் இருந்த பொதியும் கையில் இல்லாத பொதியும்

1993 ஓகஸ்டில் இயன் மர்டொக் என்ற அமெரிக்க மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவருடைய காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்ததுதான் டெபியன். அந்தத் திட்டத்துக்குள் டிபிகேஜி என்ற பொதி நிறுவும் நிரல் வளர்ந்தது. 1995 அளவில் ரெட் ஹாட் பக்கம் மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் ஆர்பிஎம்மை எழுதினார்கள்.

இரண்டுக்கும் ஒரே குறை. கையில் இருக்கிற பொதியை ஒழுங்காக நிறுவும். ஆனால் அந்தப் பொதி இன்னொரு பொதியில் தங்கியிருந்தால், "அது இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நீங்கள் அதைத் தேடிக் கொண்டுவந்தால், அது வேற இரண்டைக் கேட்கும். ஒரு நிரலுக்காகப் பாதி நாள் அலைந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

இதற்கு டெபியன் கண்ட தீர்வு ஆப்ட். ஜேசன் கன்தோர்ப் முதலானவர்கள் எழுதிய இந்தக் கருவி, 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 உடன் பரவலாகப் பாவனைக்கு வந்தது. தேவையான எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு எடுக்கும். எங்கே போய் எடுப்பது என்பதற்குத்தான் சோர்ஸஸ்.லிஸ்ட். அதில் ஒரு வரி என்பது நான்கு துண்டுதான்: பொதியின் வகை, முகவரி, வெளியீட்டின் பெயர், அந்த வெளியீட்டுக்குள் எந்தப் பிரிவு. பள்ளிப் பிள்ளைகூட வாசித்து விளங்கிக்கொள்ளலாம், எந்த எழுத்துத் திருத்தியிலும் திறந்து மாற்றலாம்.

ஆர்பிஎம் பக்கம் இதே வேலையைச் செய்ய வந்தது யம். (எமனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) யெல்லோ டொக் என்ற லினக்ஸுக்காக இருந்த பழைய கருவியை, டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த சேத் விடாலும் கூட்டாளிகளும் மாற்றி எழுதியது அது. 2015 இல் ஃபெடோரா 22 வந்தபோது யம்மின் இடத்தை டிஎன்எஃப் பிடித்தது. ஆனால் டிஎன்எஃப் இன்றைக்கும் தன் முகவரிகளை வாசிப்பது பழைய யம்மின் பெயரில் உள்ள கோப்புறையில் இருந்துதான். நிரல் போனாலும் கோப்பு இருந்த இடம் போகவில்லை.

தூரத்தின் விலை

இந்தக் கோப்பை அமெரிக்காவில் இருந்து பார்ப்பதும் மாத்தளை மாவட்டத்தில் இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. நமக்கு அதில் இருக்கிற முகவரி எவ்வளவு தூரம் என்பது காசு சம்பந்தப்பட்ட கேள்வி.

அதனால்தான் மிரர் என்று ஒன்று இருக்கு. ஒரு வெளியீட்டின் முழுக் களஞ்சியத்தையும் அப்படியே படியெடுத்து, பக்கத்தில் ஒரு சேவையகத்தில் வைப்பது. இலங்கையில் இந்த வேலையைச் செய்திருப்பது லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு. 1990 இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் கொண்டுபோகத் தொடங்கிய முயற்சி அது. எல்கே என்ற ஆள்களப் பெயரும் அதே ஆண்டில்தான் வந்தது. உபுண்டு முகவரியின் முன்னால் உள்ள எல்கேக்கு அர்த்தம், "இந்த நாட்டுக்குள் மிரர் இருந்தால் அங்கே போ" என்பதுதான். நாட்டுக்குள் ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பெயர் நேராகத் தலைமைச் சேவையகத்தையே காட்டும். பெயரில் எல்கே இருப்பதால் மட்டும் பொதி உள்ளூரில் இருந்து வருகிறது என்று நினைக்கக்கூடாது.

ஆனால் இணையமே இல்லாவிட்டால்? டயல்-அப் காலத்தில் 56 கேபிபிஎஸ் முழு வேகம் கிடைத்தாலும் 700 எம்பி உள்ள ஒரு சீடியை இறக்க 28 மணித்தியாலத்துக்கு மேல் வேணும், தொலைபேசி மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும். 2004 இல் உபுண்டு வந்தபோது கனோனிக்கல் நிறுவனம் கேட்பவர்களுக்கு இலவசமாகத் தபாலில் சீடி அனுப்பியது. ஷிப்இட் என்று அதற்குப் பெயர். 2011 இல்தான் அது நின்றது. அந்தச் சீடியில் இருந்து நிறுவிய கணினியின் சோர்ஸஸ்.லிஸ்டைத் திறந்தால், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'சிடிரொம்' என்று ஒரு வரி இருக்கும். ஆப்டுக்கு வட்டும் ஒரு மூலம்தான், வலைத்தளமும் ஒரு மூலம்தான்.

இந்தியாவைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சராஃப் இந்த யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோனார். அவர் எழுதிய ஆப்ட்-ஓஃப்லைன் என்ற கருவி, இணையம் இல்லாத கணினிக்கு என்னென்ன தேவை என்று ஒரு பட்டியலை எழுதிக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் போட்டு, இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், பொதிகளை இறக்கி, திரும்பக் கொண்டுவந்து நிறுவலாம். கடைக்குச் சாமான் துண்டு எழுதிக் கொடுப்பது மாதிரித்தான்.

இலங்கையிலேயே உருவான ஹந்தான லினக்ஸ் வேற வழியில் போனது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் தெரிகிற மலைத்தொடரின் பெயர் அதற்கு. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, கல்வி மென்பொருட்கள் உட்பட நிறையப் பொதிகளை முன்கூட்டியே ஒரு டிவிடிக்குள் அடைத்துக் கொடுத்தார்கள். களஞ்சியத்தைத் தேடிப் போக முடியாத வீட்டுக்கு, களஞ்சியத்தில் ஒரு பகுதியே வீடு தேடி வந்தது மாதிரி.

இன்றைக்கும் பயன்படக்கூடிய ஒரு வழியும் இருக்கு. ஒரு பள்ளியில் 20 கணினிகள் இருந்தால், ஒரே புதுப்பிப்பை 20 தரம் இறக்கத் தேவையில்லை. ஒரு கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி நிறுவி, மற்ற 19 இலும் ஆப்டின் அமைவுக் கோப்புறையில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். முதல் கணினி இறக்கியதையே மற்றவை எடுத்துக்கொள்ளும். டேட்டா செலவு ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. செய்ய வேண்டியது ஒரு வரி எழுதுவதுதான்.

உங்கள் கை பட்ட வரி

இனி இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிற விஷயம்.

ஒரு பொதியின் அமைவுக் கோப்பை நீங்கள் உங்கள் தேவைக்கு மாற்றி வைத்திருக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பொதிக்குப் புதுப்பிப்பு வருகிறது, அதோட புது அமைவுக் கோப்பும் வருகிறது. எது நிற்க வேண்டும்?

டிபிகேஜி இதற்கு மூன்று கோப்புகளை ஒப்பிடும்: முன்பு பொதியோட வந்தது, இப்போது உங்கள் கணினியில் இருப்பது, புதிதாக வந்தது. நீங்கள் கை வைக்கவே இல்லையென்றால் சத்தமில்லாமல் புதியதைப் போடும். நீங்கள் மாற்றியிருந்து, பொதியில் மாற்றம் இல்லையென்றால் உங்களுடையதை அப்படியே விடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு உங்களிடம் கேட்கும். பதில் சொல்லாமல் என்டர் தட்டினால், நிற்பது உங்கள் கோப்பு. பாவனையாளரின் மாற்றங்கள் புதுப்பிப்பில் அழியக்கூடாது என்பது டெபியன் கொள்கை ஆவணத்திலேயே எழுதப்பட்ட விதி. பொதியை அகற்றினாலும் அமைவுக் கோப்பு இருக்கும். முழுதாகத் துடைக்கச் சொன்னால்தான் போகும்.

ஆர்பிஎம் கேள்வி கேட்பதில்லை. ஆளில்லாமல் ஓடும் சேவையகங்களை மனதில் வைத்துச் செய்தது அது. பொதி செய்தவர் எப்படிக் குறித்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, ஒன்றில் உங்களுடையதை வைத்துப் புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற பெயரில் பக்கத்தில் போடும். அல்லது புதியதை வைத்து உங்களுடையதை 'ஆர்பிஎம்சேவ்' என்று ஒதுக்கி வைக்கும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் எழுத்தைத் தூக்கி எறிவதில்லை.

புதுப்பித்த பிறகு நாம் அணைத்து வைத்த தெரிவுகள் எல்லாம் தானாகத் திரும்ப முளைக்கிற கைபேசிகளோட வளர்ந்த நமக்கு, இந்த விதி கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

யாருக்குத் திறப்பைக் கொடுக்கிறீர்கள்?

பொதி நிறுவப்படும்போது அது கணினியின் முழு அதிகாரத்தோட ஓடும். ஆகவே சோர்ஸஸ்.லிஸ்டில் ஒரு வரியைச் சேர்ப்பது, முன் பின் தெரியாத ஒருவருக்கு வீட்டுத் திறப்பைக் கொடுப்பது மாதிரியும் ஆகலாம். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 இல் இருந்து ஆப்ட் களஞ்சியத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கியது. இதனால்தான் பக்கத்தில் உள்ள எந்த மிரரில் இருந்தும் பயமில்லாமல் எடுக்கலாம். மிரர் வைத்திருப்பவரை நம்பத் தேவையில்லை, கையொப்பம் சரியாக இருந்தால் போதும்.

ஆனால் யாருடைய கையொப்பத்தை ஏற்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? 2021 தொடக்கத்தில் ராஸ்பெரி பை கணினிகளில் ஒரு சாதாரண புதுப்பிப்போட, மைக்ரோசொஃப்டின் களஞ்சிய முகவரியும் அதன் திறவுகோலும் பாவனையாளரைக் கேட்காமலே சேர்க்கப்பட்டன. விஎஸ் கோட் என்ற திருத்தியை நிறுவ வசதியாக என்பது விளக்கம். பெரிய எதிர்ப்பு எழும்பியது. திருத்தி நல்லதா கெட்டதா என்பதல்ல அங்கே பிரச்சினை. என் வீட்டுத் திறப்பின் ஒரு பிரதியை என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்பதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. உபுண்டு 20.04 இல் குரோமியம் உலாவியை ஆப்ட் மூலம் கேட்டால், பின்கதவால் ஸ்னாப் என்ற வேறொரு பொதி முறை வந்து இறங்கியது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் அதை ஏற்கவில்லை. மின்ட் 20 இல் நோஸ்னாப் என்ற ஒரு சின்ன அமைவுக் கோப்பைப் போட்டு, ஸ்னாப் உள்ளே வரும் வழியை அடைத்தது. அதே நேரம் ஏன் அடைத்தோம், வேண்டுமென்றால் அந்தக் கோப்பை எப்படி அழிப்பது என்றும் பகிரங்கமாக எழுதி வைத்தார்கள். இரண்டு சம்பவத்திலும் நடந்தது சில வரிகள் கொண்ட ஒரு கோப்பை எழுதியதுதான். ஒன்று சொல்லாமல் நடந்தது, மற்றது சொல்லி நடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

கோப்பின் வடிவமும் இந்த அனுபவங்களோட மாறி வருகிறது. 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 இல் பழைய சோர்ஸஸ்.லிஸ்டைத் திறந்தால், "இடம் மாறிவிட்டோம்" என்கிற ஒரு குறிப்புத்தான் இருக்கும். புதிய கோப்பில் ஒரே வரிக்குப் பதிலாக வகை, முகவரி, வெளியீடு, பிரிவு, கையொப்பம் என்று தனித்தனி வரிகள். இதில் கடைசி வரி முக்கியம். முன்பு ஆப்ட்-கீ மூலம் சேர்த்த ஒரு திறவுகோலை எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லுபடியாக்கியிருந்தார்கள். இப்போது ஒரு களஞ்சியத்தின் திறவுகோலை அந்தக் களஞ்சியத்தோட மட்டும் கட்டிவிடலாம்.

ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவ வழி தேடினால், "இந்த மூன்று கட்டளையை ஒட்டி என்டர் தட்டுங்கள்" என்றுதான் பெரும்பாலும் வரும். அந்த மூன்றில் ஒன்று உங்கள் மூலப்பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கும், இன்னொன்று ஒரு திறவுகோலைச் சேர்க்கும். தட்டுவதற்கு முதல் மூன்று கேள்வி கேட்கலாம்: முகவரி யாருடையது? திறவுகோல் அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? வேலை முடிந்த பிறகும் அந்த வரி அங்கே இருக்கத்தான் வேணுமா?

உங்கள் எழுத்தை அழிக்காமல் வைத்திருக்க 30 வருடமாகப் பலர் சம்பளமில்லாமல் உழைத்து ஒரு விதியைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அந்த விதியால் பயன் கிடைப்பது கோப்பைத் திறந்து வாசிப்பவருக்குத்தான். இன்றைக்கே ஒருக்கா திறந்து பாருங்கள், பத்து நிமிஷம் போதும்.