காதுக்குத் தெரிந்த பாடம்

1985க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அரிவரியோடு சேர்த்துச் சத்தங்களும் பாடமாகின. ஹெலி வந்தால் ஓடாதே, மரத்தோடு ஒட்டி நில். சியாமாசெட்டிக் குண்டுவீச்சு விமானம் பதியத் தொடங்கினால் பங்கருக்குள் இறங்கு. பீப்பாய்க் குண்டு தள்ளும் 'சகடை' விமானம் உறுமிக்கொண்டு ஆறுதலாகத்தான் வரும். ஓட நேரமிருக்கும், எங்கே விழும் என்பதுதான் தள்ளுகிறவனுக்கும் தெரியாது. நான் கரும்பலகையில் பின்னக்கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். எனக்குக் கேட்கும் முன்னரே ஆண்டு நாலில் ஒரு பெடியன் "டீச்சர், பொம்மர்!" என்று எழும்பிவிடுவான். அவன் பிழைவிட்டதாக எனக்கு நினைவில்லை.

இரவுக்கு வேறு பாடம். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கிய பிறகு, ஒழுங்கை முனையில் நாய்கள் தொடர்ந்து குரைத்தால் விடியச் சுற்றிவளைப்பு என்று அர்த்தம். மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளின் முதற்பாதியில் ஊர் அவ்வளவு நிசப்தமாக இருந்ததால் காதுகள் இன்னும் கூர்மையாகின.

இதை நோய் என்று சொல்ல என் மனம் ஒப்பாது. அது கெட்டித்தனம், பல உயிர்களைக் காத்தது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. விமானங்கள் ஓய்ந்தன, காதுகள் ஓயவில்லை. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் வளர்ந்த ஆண்கள் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பயம் என்று சொல்லவில்லை. தலையிடி, நாரிநோ, நெஞ்சுப் பதைப்பு என்றுதான் சொன்னார்கள்.

வியட்நாமிலிருந்து திரும்பிய படையினருக்கும் இதே பாடுதான். அமெரிக்க உளமருத்துவர்கள் 1980இல் அதற்கு நோய்ப்பெயர் கொடுத்துத் தங்கள் கைநூலில் சேர்த்தார்கள். இங்கே அதை ஆராய்ந்து எழுதியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். போர் உளத்துக்குச் செய்ததைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வந்தது. அகதிகளின் உளநலம் குறித்து உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் 1996இல் வெளியிட்ட கைநூலை, யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனம் 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தது. என்னைப் போன்ற ஆசிரியர்கள் உளவளத்துணை படித்த காலத்தில் அது கைக்குக் கை மாறியது.

அந்தப் படிப்பில் எனக்கு மிகவும் உதவியது ஒரு கேள்விதான்: தலையிடி தொடங்குவதற்குச் சற்று முன் என்ன கேட்டது, என்ன மணத்தது? ஒரு தாய் தோட்டத்துக்குப் போகும் நாட்களில் மட்டும் மயங்குவார். வெயில் என்றார்கள், இரத்தம் குறைவு என்றார்கள். கொப்பியில் எழுதிவரச் சொன்னோம். லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஸ்டார்ட் ஆகும் நேரமும் மயக்கமும் ஒத்துப்போயின. அதன் உறுமலில் அவருக்குச் சகடை வந்துகொண்டிருந்தது. முதலில் மெசின் நிற்கும்போது பக்கத்தில் இருந்தார். பிறகு தூரத்தில் ஓடவிட்டோம். கடைசியில் அவரே ஸ்டார்ட் பண்ணினார். மாதங்கள் எடுத்தன.

இடையிடையே மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், ஜெபம். இந்துக்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று அவரவருக்குப் பழகியதையே பேராசிரியர் சிகிச்சையாக்கியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்றுநர் சிலர் வட்டமாக இருத்தி "மனதிலுள்ளதைச் சொல்லுங்கோ" என்பார்கள். எங்கள் சனம் நிலத்தைப் பார்க்கும். தேவாரம் பாடச் சொன்னால் பாடும், பாடி முடியக் கண்ணீரும் வரும், பிறகு கதையும் வரும்.

செத்தவீட்டில் ஒப்பாரி, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி: துக்கத்துக்கு நாள் குறித்து வழிவிட்ட ஊர் இது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது அதுவும் குலைந்தது. வழியில் இறந்தவருக்கு யார் எட்டுச் செய்வது? அடுத்த வருடம் குடாநாட்டில் கைதாகிக் காணாமற்போனோர் ஏறக்குறைய 600 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை எழுதியது. அவர்களுக்கு அந்தியேட்டி செய்தால் இறந்தார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் துக்கம் முடியாது.

2019இல் பலாலியில் சென்னை விமானம் இறங்கத் தொடங்கியது. முதல் கிழமைகளில் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தவர்கள் இப்போது நேரம் பார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள். சகடை இனி வராது என்று அவர்களுக்குச் சொல்ல முடிந்தது. அந்த 600 வீடுகளில் ஒன்றில் இருக்கும் தாயிடம் அப்படி எதைச் சொல்வது? நாய் குரைத்தால் அவர் எழும்பிப் படலைக்குப் போகிறார். பயத்தினால் அல்ல, வருவது மகனாக இருக்கலாம் என்று. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், ஒழுங்காகச் செய்கிறார், நித்திரையும் பரவாயில்லை. படலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு மகன் என்ன ஆனான் என்று அரசாங்கம் எழுதித்தரும் ஒரு கடுதாசி வேண்டும்.