இருபது நிமிட ஆயுள்

சாம்பல்தீவைத் தாண்டிய சல்லிக் கரையில் வலை இழுப்பவரின் மடியில் வெற்றிலைப் பொட்டலம் இருப்பது புதிதல்ல. ஒரு வாய் போட்டுக்கொண்டால் வேலை ஓடும். பாக்கை அடக்கிவைக்கும் அந்தக் கன்னத்தின் உட்தோலில் ஒரு புரதம் ஓயாமல் பிறந்து, ஓயாமல் அழிகிறது. அதன் பெயர் பி53.

அதற்கான மரபணு பதினேழாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. மரபணுவின் செய்தி கருவைவிட்டு வெளியே வர, 393 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. உருவானதும் கருவுக்குள் திரும்புகிறது. அங்கே எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். ஏறக்குறைய 20 நிமிடத்தில் பாதி போய்விடும். கலம் நலமாக இருக்கையில் அப்படித்தான் போகவேண்டும். பி53 தங்கிவிட்டால் நல்ல கலமும் பெருக முடியாது.

பாக்கிலும் புகையிலையிலும் இருந்து வரும் நைத்திரசமைன்கள் டி.என்.ஏ.யைச் சிதைத்தால் நிலைமை மாறுகிறது. சேதத்தை உணரும் நொதியங்கள் பி53மீது பொசுபேற்றை ஒட்டிவிட, எம்டிஎம்2இன் பிடி நழுவும். தப்பிய பி53கள் நான்கு நான்காகக் கூடி டி.என்.ஏ.யில் அமர்ந்து, பி21 என்ற புரதத்தை எழுப்பும். கலப்பிரிவு நின்றுவிடும். பழுது திருந்தினால் கலம் பிழைக்கும். திருந்தாவிட்டால் அது தானாகவே மடிய பி53 வழிசெய்யும். முளைக்காமலே போன எத்தனையோ புற்றுகளுக்காக நாம் இதற்குக் கடன்பட்டிருக்கிறோம்.

1979இல் கண்டபோது இதையே புற்றை வளர்ப்பது என்று நினைத்தார்கள். அன்று ஆய்வுகூடங்களில் கையாண்ட மரபணுப் படிகள் பழுதானவை. 1989இல்தான் பேர்ட் வோகல்ஸ்டைன், ஆர்னல்ட் லெவின் ஆகியோரின் குழுக்கள் இது புற்றைத் தடுப்பது என்று காட்டின.

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்று. "புகையிலை சேர்க்கிறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெறும் பாக்கையும் புற்றுண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது. ஆண்டுக்கணக்காக மென்றால் அடி பி53இன் மரபணுவிலேயே விழலாம்.

வாயில் ஆறாத வெண்படலத்திலிருந்து பல் வைத்தியர் வெட்டியெடுக்கும் சிறுதுண்டு, போமலினில் ஊறி நோயியல் ஆய்வுகூடம் போகிறது. தேவைப்பட்டால் அங்கே பி53ஐக் காட்டும் சாயமும் ஏற்றுவார்கள். நல்ல கலங்களில் அது அநேகமாகத் தெரியாது. அவ்வளவு விரைவாக அழிந்துவிடுகிறது. பழுதான பி53தான் அழியாமல் குவிந்து, கருக்களைக் கடும் கபிலமாக்கும். சில புற்றுகளிலோ மரபணு அடியோடு முறிந்து புரதமே உருவாகாது. அதனால் கபிலம் துளியும் ஏறாத துண்டையும் நோயியல் வைத்தியர் ஐயத்தோடுதான் பார்ப்பார்.