பழைய கணினியும் பிரதியெடுக்கும் மரபும் – செட்டிகுளத்திலிருந்து ஒரு குறிப்பு

செட்டிகுளம் என்றதும் உலகெங்கும் பரந்து வாழும் தமிழரின் நினைவுக்கு முதலில் வருவது மெனிக் பாம் முகாமே. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த இந்த விவசாயப் பிரதேசத்தில், 2009 ஆம் ஆண்டு வன்னியிலிருந்து வந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பி வேலிகளுக்குள் வைக்கப்பட்டிருந்தனர். 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்களும் அனுப்பப்பட்டு முகாம் மூடப்பட்டது. அம்மக்கள் இழந்த உயிர்களைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. அவர்களது கல்யாணப் படங்கள், காணி உறுதிகள், ஒலிநாடாக்கள், பாடசாலை மலர்கள் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஒவ்வோரிடத்திலும் ஒரு பையைக் கைவிட்டு வந்தவர்களிடம் இறுதியில் எஞ்சியது உடுத்திருந்த துணி மட்டுமே.

எனது உறவினர் ஒருவரும் அவர்களில் ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், எனக்கு அத்தான் முறை. முகாமிலிருந்து வெளிவந்த பின்னர் செட்டிகுளத்திலேயே குடியமர்ந்துவிட்டார். அண்மையில் அவரது வீட்டுக்குச் சென்றபோது, விறாந்தை மூலையில் திரையும் தட்டச்சுப் பலகையும் இல்லாத பழைய மேசைக் கணினியொன்று மெல்லிய இரைச்சலுடன் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக 2011 இல் வாங்கிய கணினி அது. இன்று அதுவே அந்த வீட்டின் கோப்பு வழங்கி. பழைய பாடல்கள், கோயில் திருவிழா ஒளிப்பதிவுகள், வருடி எடுத்த புகைப்படங்கள், பத்திரங்களின் பிரதிகள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. வீட்டிலுள்ள கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் அவற்றைப் பார்க்கலாம், கேட்கலாம்.

அந்தச் சேகரிப்பில் அவரது தாயாரின் படமொன்று உண்டு. அவரிடமிருந்த பிரதி வன்னியிலேயே தொலைந்தது. எண்பதுகளில் வெளிநாட்டிலுள்ள தங்கைக்குத் தபாலில் அனுப்பிய இன்னொரு பிரதியே மின்னஞ்சல் வழியாக வீடு திரும்பியது. "தம்பி, நான் கவனமாக் கட்டி வைச்சதெல்லாம் போட்டுது. குடுத்ததுதான் திரும்பி வந்தது" என்றார் அத்தான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாசகமே.

பழைய இயந்திரமொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து புதிய பணியில் ஈடுபடுத்துவது எமக்குப் புதிதன்று. மெனிக் பாம் முகாமின் வலயங்களுள் ஒன்றுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அந்தக் கலை வரலாற்றறிஞர் 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், இங்கிலாந்தின் புரோட் கம்டன் கிராமத்தில் அவர் வாழ்ந்த இல்லத்திலேயே அச்சாகியது. அதனை அச்சிட்ட கையச்சு இயந்திரம், வில்லியம் மொரிஸ் 1896 இல் சோசரின் நூலை அச்சிடப் பயன்படுத்திய அதே இயந்திரம். அழிந்துகொண்டிருந்த கைவினை மரபொன்றை, காலங்கடந்ததாகக் கருதப்பட்ட இயந்திரத்தைக் கொண்டே அவர் பதிவுசெய்தார். அத்தகையவரின் பெயர் தாங்கிய வலயத்தில் வாழ்ந்தவர்கள் கையில் ஒரு குடும்பப் படம்கூட இல்லாதிருந்தனர் என்பது வரலாற்றின் கசப்பான முரண்.

இனி, கணினி வழங்கியின் கதைக்கு வருவோம். எண்பதுகளில் கோப்பு வழங்கி என்பது நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே வாங்கக்கூடிய விலையுயர்ந்த சாதனம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் இரு மாணவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தமது வீட்டுக் கணினியில் எழுதிய லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் கன்பராவில் அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அன்ட்ரூ ட்ரிட்ஜெல், யுனிக்ஸ் கணினியிலுள்ள கோப்புகளைத் தமது சாதாரணக் கணினியில் திறக்க விரும்பினார். கணினிகள் தமக்குள் பரிமாறிய தரவுகளை ஒட்டுக்கேட்டு, அவற்றின் மொழியைத் தாமே விளங்கிக்கொண்டு ஒரு நிரலை எழுதி, 1992 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டார். பின்னாளில் சம்பா எனப் பெயர்பெற்ற மென்பொருள் அதுவே. இவ்விரண்டும் இணைந்தபோது, வீசியெறியவிருந்த எந்தக் கணினியும் வழங்கியாகலாம் என்ற நிலை உருவாகியது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கூகிளின் தொடக்ககாலச் சேமிப்பகம்கூட, விளையாட்டுக் கட்டைகளால் செய்த பெட்டியொன்றில் அடுக்கிய பத்து வன்தட்டுகள்தாம். ஒவ்வொன்றும் 4 கிகாபைட். 2005 இல் பிரான்ஸ் நாட்டவர் ஒருவர் ஃபிரீநாஸையும், 2011 இல் ஜேர்மனியர் ஒருவர் ஓப்பின்மீடியாவோல்ட்டையும் வெளியிட்ட பின்னர், கட்டளைகளை மனனம் செய்யாதவர்களுக்கும் இது கைகூடியது.

அத்தானின் அனுபவத்திலிருந்து சில நடைமுறைக் குறிப்புகளை வாசகர்களுக்குத் தருவது பயனுடையது. முதலாவது, கணினி 64 பிட் வகையைச் சேர்ந்ததா எனப் பார்க்கவேண்டும். 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. இரண்டாவது, மின்செலவு. பழைய மேசைக் கணினி 80 வாட் எடுத்தால், இரவுபகலாக ஓடும்போது மாதம் ஏறத்தாழ 58 அலகு ஆகும்; மாலையில் நான்கு மணிநேரம் மட்டும் ஓடினால் 10 அலகுக்குள் அடங்கும். மூன்றாவது, பழைய கணினியைப் பயன்படுத்தலாம். பழைய வன்தட்டை நம்பலாகாது. வன்தட்டு மட்டுமாவது புதிதாக இருத்தல் நன்று. நான்காவது, தகுந்த பாதுகாப்பின்றி இவ்வழங்கியை இணையத்துக்குத் திறந்துவிடக்கூடாது. அது வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இருக்கட்டும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்ததால், இதற்கு ஏற்ற கணினிகள் எத்தனையோ வீடுகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

எனினும் ஒரு கணினியில் சேர்த்து வைப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, செல்லரித்து ஒடிந்துகொண்டிருந்த ஏடுகளோடு போராடினார். பிரதிகள் பெருகாத நூல் மறையும் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர். அவருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிரவில் எரிந்தன. அதே வன்முறையில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. வேறிடத்தில் பிரதி இருந்தவற்றை மீண்டும் வாங்கி அடுக்க முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்தவை போனவை போனவைதாம். பத்திரிகைத்துறையில் வாழ்ந்த என் போன்றோருக்கு அது ஆறாத வடு.

இந்தப் பாடத்தையே 1999 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தினர் தமது லாக்ஸ் திட்டத்தின் அடிப்படையாகக் கொண்டனர். நிறையப் பிரதிகள் இருந்தால் பொருள் தப்பும் என்பதே அப்பெயரின் விரிவு. மலிவான சாதாரணக் கணினிகளைப் பல நூலகங்களில் வைத்து, ஒன்றில் பழுதானதை மற்றொன்றின் பிரதியைக் கொண்டு திருத்துவது அதன் முறை. தமிழில் 1998 இல் மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து எழுத்துகளுக்கென நூலகம் திட்டமும் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டன. ஆனால் உங்கள் பாட்டியின் படத்தையோ தந்தையின் கடிதத்தையோ அவை தேடிவந்து காப்பாற்ற முடியாது. அது ஒவ்வொரு வீட்டாரின் கடமை.

அத்தான் அதனைச் செய்கிறார். ஆண்டுக்கு இருமுறை, தைப்பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும், முழுச் சேகரிப்பையும் வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுக்கிறார். ஒன்று வவுனியாவில் மகளின் வீட்டில் இருக்கிறது; மற்றொன்று கடல்கடந்து தங்கையிடம் போகிறது. நான் விடைபெற்றபோது என் கையிலும் ஒன்றைத் தந்தார். "இதுவும் உன்னட்டை இருக்கட்டும்" என்றார். வாங்கிக்கொண்டேன். இப்போது அது கொழும்பில் எனது மேசை இழுப்பறையில், எனது குடும்பப் படங்களோடு இருக்கிறது.