மழையில் விமானப் பின்சுழல் அளவீடு

விமானப் பின்சுழல் என்பது, இறக்கைகளின் கீழே மிகுந்தும் மேலே குறைந்தும் இருக்கும் காற்றழுத்தத்தால் அவற்றின் நுனிகளில் உருவாகி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் காற்றுச் சுழல் இணையாகும். பெரிய விமானம் விட்டுச்செல்லும் சுழல்கள் பின்தொடரும் சிறிய விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டிவிடக்கூடும் என்பதால், தரையிறங்கும் விமானங்களுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது.

தெளிந்த வானிலையில், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியைக் கொண்டு சுழலை அளக்கும் லிடார் கருவி, மழையில் ஒளி நலிவதால் பயன் குன்றுகிறது. அப்போது ஏறத்தாழ 3 செ.மீ. அலைநீளமுள்ள எக்ஸ் பட்டை ரேடாரும் 3 மி.மீ. அலைநீளமுள்ள டபிள்யூ பட்டை ரேடாரும் மழைத்துளிகளையே தடங்காட்டிகளாகக் கொள்கின்றன. நகரும் துளிகளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவு அவற்றின் வேகத்தைக் காட்டுகிறது. சுழலுக்குள் சில துளிகள் ரேடாரை நெருங்க, வேறு சில விலகுவதால், பதிவாகும் வேகங்களின் நிறமாலை அகல்கிறது.

0.5 மி.மீ. விட்டமுள்ள தூறல்துளி காற்றோட்டத்தை நெருக்கமாகப் பின்பற்ற, நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழும் 5 மி.மீ. துளி தன் நிலைமத்தால் பிந்துகிறது. ஆகவே துளியளவுப் பரவலைக் கணக்கிட்டுத் திருத்திய பின்னரே சுழலின் வலிமை மதிப்பிடப்படுகிறது. பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் எக்ஸ் பட்டை ரேடாரும் லிடாரும் சோதிக்கப்பட்டுள்ளன. எல்லா வானிலையிலும் கண்காணிக்க இரண்டும் இணைந்தே தேவைப்படுகின்றன.