முன்னேற்ற அறிக்கையும் சாவுப் பதிவேடும்: சென்னை மாகாணம் முதல் தமிழ்நாடு வரை

கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்ட 1858ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவின் வரவு செலவுக் கணக்கோடு இன்னோர் அறிக்கையையும் ஆண்டுதோறும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கச் சொன்னது. இந்தியாவின் தார்மிக, பொருளியல் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டிய அறிக்கை அது. இருப்புப்பாதை எத்தனை மைல் நீண்டது, எத்தனை பள்ளிகள் திறந்தன, பாசனம் எவ்வளவு பெருகியது என்ற விவரங்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதில் அச்சேறின. அதே காலத்தில் தமிழ்க் கிராமங்களில் வேறோர் ஏடும் எழுதப்பட்டு வந்தது. பரம்பரைக் கிராம அதிகாரியான மணியக்காரரின் பொறுப்பில் இருந்த பிறப்பு இறப்புப் பதிவேடு அது. முன்னேற்றம் பேசிய முதல் ஆவணம் சாவைப் பேசிய இரண்டாவதை எப்போது படித்தது, எப்போது படிக்க மறுத்தது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இறந்தவரை எண்ணுவதால் மட்டும் ஓர் அரசு முன்னேறிவிடுவதில்லை. இந்தச் சாவு தவிர்த்திருக்கக் கூடியதா, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்று பதிவேடு கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் முன்னேற்றம் என்ற சொல்லுக்குள் அறம் நுழைகிறது என்பது என் வாதம். தமிழ்நாட்டில் அந்த இடத்தை எட்ட நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

பட்டாளத்துக்காக எண்ணிய சாவுகள்

இந்தியாவில் சாவைக் கணக்கெடுக்கும் அக்கறை பட்டாளத்தில் தொடங்கியது. இங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் உடல்நலத்தை ஆராய 1859இல் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அதன் பணியில் பெரும் பங்கு எடுத்தார். 1863இல் வெளியான அறிக்கை, அந்நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டுதோறும் ஆயிரம் வீரர்களில் 69 பேர் இறந்து வந்ததைக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். பாளையத்தைச் சூழ்ந்த ஊரில் காலரா இருந்தால் பாளையத்துக்குள்ளும் வரும் என்பதால் ஊராரின் சாவையும் எண்ண வேண்டியதாயிற்று. 1864இல் சென்னை மாகாணத்துக்குச் சுகாதார ஆணையம் ஏற்பட்டது. கிராமத்து இறப்புகளைத் தொகுத்து மேலே அனுப்பும் முறை அந்தப் பத்தாண்டில்தான் வேரூன்றியது.

இந்த எண்ணிக்கை எந்தக் கைகள் வழியாக மேலேறியது என்பதையும் பார்க்க வேண்டும். சாவுச் செய்தியைத் தலையாரியும் வெட்டியானும் கொண்டுவருவார்கள், மணியக்காரர் எழுதுவார், தாலுகா கச்சேரி தொகுக்கும். பிணத்தை எரித்துக் குழி வெட்டிய மனிதருக்குத்தான் ஊரின் சாவுகள் முழுதாகத் தெரியும். எழுதுகோல் அவரிடம் இல்லை. சேரியில் நடந்த சாவும் ஊர்த்தெருவில் நடந்த சாவும் ஒரே கவனத்தோடு ஏட்டில் ஏறியிருக்கும் என்று நம்புவது கடினம். அக்காலப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் எவரும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

தாது வருடம்

1876இல் பருவமழை பொய்த்தது. தமிழர் நினைவில் தாது வருடப் பஞ்சம் என்று நிலைத்த அந்தக் கொடுமை 1878 வரை நீண்டது. சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ அதைப் பாடுபொருளாகக் கொண்டது. வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக அதன் வரலாற்றை எழுதினார். பிற்காலப் பஞ்ச ஆணையம், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வழக்கமான சாவுகளுக்கு மேலாக மாண்டதாக மதிப்பிட்டது. மிகுதியான உயிர்கள் போனது சென்னை மாகாணத்தில். 1871க்குப் பின் பெருகியிருக்க வேண்டிய மாகாண மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் குறைந்து நின்றது.

பஞ்சத்தின் உச்சத்தில், 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியப் பேரரசியானதைக் கொண்டாட வைஸ்ராய் லிட்டன் தில்லியில் தர்பார் நடத்தினார். அதே மாதம் அவர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு வந்தார். செலவைச் சுருக்குவது அவருக்கு இட்ட பணி. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் வரையறுத்தார்.

அதை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் 1871 மக்கள்தொகை அறிக்கையை எழுதியவரும் அவரே. எண்களோடு வாழ்ந்த அந்த மருத்துவர், எண்களைக் கொண்டே டெம்பிளுடன் மோதினார். சிறைக் கைதிக்குத் தரும் உணவைவிடக் குறைவானதைத் தின்றுவிட்டு ஒருவர் நாள் முழுதும் மண்வெட்ட முடியாது என்று அவர் வாதிட்டார். முகாம்களிலிருந்து வந்த மருத்துவக் குறிப்புகளையும் சாவுக் கணக்கையும் முன்வைத்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம். ஆனாலும் சாவுப் பதிவேடு அரசின் கொள்கையைக் குறுக்கு விசாரணை செய்த முதல் தருணங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

பதிவேடே பஞ்சத்தில் நொறுங்கிப் போனதையும் கார்னிஷ் அறிந்திருந்தார். ஊரைவிட்டு அலைந்தவர்கள் சாலையோரத்தில் செத்தார்கள். எந்த ஊர் ஏட்டிலும் அவர்கள் இல்லை. எழுத வேண்டியவர்களையும் பஞ்சம் விட்டுவைக்கவில்லை. பசியால் மெலிந்தவரைக் கடைசியில் கொண்டுபோனது காலராவும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் என்பதால், ஏட்டில் நோயின் பெயரே ஏறியது. ஒரு சாவின் உடனடிக் காரணத்தை எழுதி உண்மைக் காரணத்தை மறைக்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதைத் தாது வருடத்து ஏடுகள் காட்டுகின்றன.

அந்நாளின் முன்னேற்றச் சின்னங்கள் இந்தச் சாவுகளுக்கு நடுவில்தான் எழுந்தன. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த கால்வாய்ப் பகுதியை வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு வந்த கூலிகள். அந்நாளைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை. தானியம் ஏற்றிவந்த ரயில், வாங்கக் காசில்லாத வாசல்களைக் கடந்து போயிற்று. இந்தியக் கோதுமை அந்த ஆண்டுகளிலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

தாதாபாய் நவுரோஜி இதே காலத்தில் அரசின் அட்டவணைகளைக் கொண்டே அரசுக்கு மறுப்பு எழுதினார். இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டு, ஒரு கைதியைப் பராமரிக்கும் செலவுகூட அதைவிட மிகுதி என்று காட்டினார். தமிழகத்தில் அந்த வாதத்தை வளர்த்தெடுத்தவர் ‘சுதேசமித்திரன்’ நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர். முன்னேற்ற அறிக்கையின் எண்களுக்கு எதிராக உயிர்வாழ்வின் எண்களை நிறுத்தும் மரபு இவர்களிடமிருந்து வருகிறது.

பிறகு சட்டங்கள் வந்தன: 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு, 1886இல் விரும்பினோர் பதிவு செய்துகொள்ளும் அனைத்திந்தியச் சட்டம், 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணத்தின் 3ஆம் சட்டம். 1918இன் இன்புளுயன்சா இந்த அமைப்பையெல்லாம் மீறிச் சென்றது. இந்தியாவின் மக்கள்தொகை ஒரு பத்தாண்டில் குறைந்ததாக 1921 கணக்கெடுப்பு காட்டியது. நாட்டின் மக்கள்தொகை வரலாற்றில் அப்படியொரு சரிவு அதற்குப் பின் வரவில்லை.

விடுதலைக்கு முந்தைய இரண்டு நிகழ்வுகள் இங்கே முக்கியமானவை. 1939இல் சென்னை மாகாணம், நாட்டிலேயே முதலாவதாக, பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. 1946இல் நாட்டின் உடல்நல நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 ஓராண்டுக்குள் இறந்ததாக 1937ஆம் ஆண்டின் கணக்கை அது எடுத்துக்காட்டியது. பேறுகாலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பெண்கள் இறப்பதாகவும் மதிப்பிட்டது. சென்னையின் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர். பிறப்பும் இறப்பும் ஒரே கட்டிலில் நிகழும் பேறுகாலத்தை நாட்டின் நிலைக்கு அளவுகோலாக வைத்தது அந்த அறிக்கையின் பெரும் கொடை.

சமூகக் காரணம்

1969இல் பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிந்தது. ஏடு கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு மாறியது. ஆனால் எழுதப்படாத சாவுகள் ஓய்ந்துவிடவில்லை.

1980களின் நடுப்பகுதியில் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. அதன் அண்டையில்தான், தேனி மாவட்ட ஆண்டிபட்டி வட்டத்தில், புலிமான்கோம்பை இருக்கிறது. 2006இல் அங்கே கிடைத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள நடுகற்கள் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய நினைவுக்கற்களில் சேர்ந்தவை. ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மாண்டவனின் பெயர் அங்கே ஒரு கல்லில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. கள்ளிப்பாலிலும் நெல்மணியிலும் முடிந்த பெண் குழந்தைகளுக்கோ ஏட்டில் ஒரு வரியும் இல்லை. பிறந்ததாகவும் எழுதாமல், இறந்ததாகவும் எழுதாமல் போயின அந்த உயிர்கள்.

1992இல் சேலத்தில், பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. அதைவிட ஆழமான மாற்றம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேட்டில் நிகழ்ந்தது என்பேன். சிசு இறப்புக்கான காரணப் பட்டியலில் ‘சமூகக் காரணங்கள்’ என்றொரு வகை ஏறியது. வீட்டுக்கு வீடு நடந்து பேறுகாலங்களைக் கவனித்த கிராம சுகாதாரச் செவிலியர்கள் அதை நிரப்பினார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத்தும் வி. பி. ஆத்ரேயாவும் 1997இல் எழுதிய ஆய்வு, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3,000 அளவில் பெண் சிசுக்கொலைகள் நடப்பதை வெளிச்சமிட்டது. ஓர் ஊரின், ஒரு சாதியின் வழக்கம் என்று தள்ளிவிட முடியாதபடி அது சேலம், தருமபுரி, மதுரை எனப் பரந்து கிடந்தது. மாநிலத்துக்கு அவமானம் தரும் எண்ணைத் தன் ஊழியரைக் கொண்டே எழுதவைத்தது ஓர் அரசுத் துறை. தாது வருடத்தில் நடக்காதது இங்கே நடந்தது. கருவிலேயே பெண்ணைக் கண்டறிந்து அழிக்கும் வழி பிற்பாடு பெருகியதையும் மறக்கக் கூடாது. கருவில் முடிந்ததை எந்த இறப்புப் பதிவேடும் காட்டாது.

ஒரு தாயின் சாவு

1994இல் தமிழ்நாடு பேறுகாலத் தாய் இறப்புகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யத் தொடங்கியது. ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதோ, பேற்றின்போதோ, அதற்கடுத்த 42 நாட்களுக்குள்ளோ இறந்தால் அந்தச் செய்தி 24 மணி நேரத்தில் மேலே போக வேண்டும் என்பது 2004இல் ஆணையாயிற்று. இறந்தவரின் வீட்டுக்கே சென்று கணவரிடமும் தாயாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரிப்பார்கள். வலி எப்போது கண்டது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, இரத்தம் இருந்ததா என்று மணிவாரியாகக் கேட்டு எழுதுவார்கள். பிறகு மாவட்ட ஆட்சியரின் கூட்டத்தில் இறந்தவரின் உறவினர்களே வந்து நடந்ததைச் சொல்வார்கள்.

டெம்பிளின் காலத்தோடு இதை ஒப்பிட்டால் தொலைவு புரியும். அன்று ஏடு மேலே போயிற்று, கேள்வி கீழே வரவில்லை. இங்கே மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆட்சியரின் முன் உட்கார்ந்து, எங்கே தாமதம் ஆனது என்று சொல்கிறார். வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், போய்ச்சேரத் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்று அந்த விசாரணைகளில் மூன்று தாமதங்கள் பிரிந்து தெரிந்தன. அதற்கேற்ப ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பேறு பார்க்கச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவசர மகப்பேற்றுக்கான சீமாங் மையங்களும் இரத்த சேமிப்பு ஏற்பாடுகளும் வந்தன. தனித்து இயங்கும் பொதுச் சுகாதாரத் துறையும், 1994இல் பிறந்த மருத்துவப் பணிகள் கழகமும் பின்னால் நின்றன. 2004-06இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 111ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 54க்கு இறங்கியது. நாட்டின் சராசரி அதே காலத்தில் 254இலிருந்து 97க்கு வந்தது.

தணிக்கை தண்டனைக்காக அல்ல, திருத்துவதற்காக என்பதே அதன் விதி. நடைமுறையில் பழி கடைநிலை ஊழியரான செவிலியரின் தலையில் விழும் அபாயம் எப்போதும் உண்டு. அப்படி விழத் தொடங்கினால் பதிவேடு பொய் சொல்லத் தொடங்கும். உண்மையாக எண்ணும் மாவட்டம் மோசமாகத் தெரிவதும், எண்ணாத மாவட்டம் நன்றாகத் தெரிவதும் இந்த அமைப்பின் தீராத சிக்கல். அதைப் புரிந்துகொள்ளாத மேலதிகாரி ஒருவர் போதும், பல ஆண்டு உழைப்பைக் கெடுக்க.

எண்ணுவதில் உள்ள இந்தச் சிக்கலைக் கோவிட் பெருந்தொற்று நாடளவில் காட்டியது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோவிட் சாவுகள் ஏறத்தாழ 4.8 லட்சம் என்றது அரசின் கணக்கு. வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. 2025 மே மாதம் வெளியான குடிமைப் பதிவு அறிக்கையின்படி, 2020இல் 81.2 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021இல் 1.02 கோடி. பதிவு மேம்பட்டதையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது உண்மை. என்றாலும் நான்கு ஆண்டுகள் கழித்து வந்த எண், அதைக் கொண்டு ஒருவரையாவது காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்களைக் கடந்து வந்துவிட்டது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், அதன் பின் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை எனப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாக்கியிருக்கிறது. பதிவேட்டின் பிறப்புப் பக்கம் இனி மிகக் கவனமாக நிரம்பும். அது இல்லாமல் வாழ முடியாது. மருத்துவமனையில் நேரும் சாவுக்குக் காரணச் சான்றைப் பதிவாளருக்கும் நெருங்கிய உறவினருக்கும் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் அத்திருத்தம் சொல்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் 2020இல் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வீட்டில் இறக்கும் முதியவர், வயலில் சுருண்டு விழும் கூலியாள், காய்ச்சலோடு ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளி ஆகியோரின் சாவுக்குக் காரணம் எழுதும் கடமை இன்னும் எந்த மருத்துவரிடமும் உறுதியாகச் சேரவில்லை. தாய் இறப்புக்கு வீடு தேடிப் போகும் அதே விசாரணை முறையை முதலில் இவர்களிடமிருந்து தொடங்கலாம். அதற்கான பயிற்சியும் முப்பது ஆண்டு அனுபவமும் தமிழ்நாட்டின் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.