ஆளுக்கொரு கணக்கு எதற்கு?



போன வாரம் என் அண்ணன் மகள் போன் செய்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "சித்தப்பா, டேட்டாபேஸ்ல எனக்கு ஒரு கணக்கு திறக்க மூணு நாளா இழுத்தடிக்கிறாங்க. இருக்கிற ஒரு பாஸ்வேர்டையே எல்லாருக்கும் கொடுத்தா என்ன?" என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் கடன் ஒன்றும் இருக்கிறது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்து காட்டியது. அதற்கு சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக்கூடாது அல்லவா? அதற்காக ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார்! பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். பூட்டு வந்த மறு வருஷமே பூட்டைத் திறந்த பிள்ளையும் வந்துவிட்டான்.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறையை எழுதினார். அதைச் செய்து பார்க்க அந்நிறுவனம் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே ஒரு கேள்வி எழுந்தது. சம்பளப் பட்டியலை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம்? 1976இல் பட்ரிசியா கிரிபித்ஸ், பிராட்போர்டு வேட் இருவரும் இதற்கு விடை எழுதினார்கள். 'கிராண்ட்' என்றால் உரிமை கொடு, 'ரிவோக்' என்றால் திரும்ப வாங்கு. நான் உங்களுக்கு ஒரு உரிமை கொடுத்து, நீங்கள் அதை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், உங்களிடமிருந்து நான் வாங்கும்போது அவரிடமிருந்தும் அது போய்விடும். அவருக்கு வேறொருவரும் தனியாகக் கொடுத்திருந்தால் மட்டும் போகாது. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற கணக்கு இருந்தால்தானே இது நடக்கும்? பெயர் இல்லாவிட்டால் இந்த முறையே இல்லை.

ஆரக்கிளில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஸ்காட்', 'டைகர்' நினைவிருக்கும். ஸ்காட் என்பது அங்கே தொடக்க காலத்தில் பணியாற்றிய புரூஸ் ஸ்காட்டின் பெயர். கடவுச்சொல்லான டைகர், அவர் வீட்டுப் பூனையின் பெயர். பழகிப் பார்ப்பதற்கான அந்தக் கணக்கு ஊருக்கே தெரிந்த சாவியாகிவிட்டது.

மை-எஸ்.க்யூ.எல்.லின் பழைய பதிப்புகளில் இன்னொரு வேடிக்கை. கணக்கு திறக்கத் தனிக் கட்டளை கிடையாது. 'கிராண்ட்' போட்டாலே கணக்கும் பிறந்துவிடும். பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால், இல்லாத ஆளுக்குக் கணக்கு வந்து நிற்கும். பிறகு 5.0 பதிப்பில் 'கிரியேட் யூசர்' வந்தது. 2018இல் வெளியான 8.0இல், 'கிராண்ட்' ஆள் உருவாக்குவதையே நிறுத்திவிட்டார்கள். முதலில் ஆள், பிறகு உரிமை. போஸ்ட்கிரெஸ்ஸில் 2005இல் வந்த 8.1 பதிப்பு, பயனர், குழு என்று தனித்தனியாக இருந்ததை 'ரோல்' என்று ஒன்றாக்கியது. கட்டளை வரியில் 'கிரியேட்யூசர்' என்று அடித்தால், உள்ளே நடப்பது 'கிரியேட் ரோல்'தான்.

இனி என் கதை.

2008 வாக்கில், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் பழகட்டும் என்று ஆய்வகத்தின் ஒரு லினக்ஸ் கணினியில் மை-எஸ்.க்யூ.எல். போட்டு வைத்தேன். எல்லோருக்கும் ஒரே 'ரூட்' கணக்கு. கடவுச்சொல் கூடக் கிடையாது. என் செய்முறை மதிப்பெண் பட்டியலும் அதிலேயே இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் பட்டியல் காலி.

கட்டளைகள் பதிவாகும் கோப்பைத் திறந்தேன். 'டெலீட்' வரி இருந்தது. அடித்தவர் பெயர் இல்லை. எல்லோரும் ஒரே ஆளாக உள்ளே போனால் பெயர் எங்கிருந்து வரும்? முந்தைய நாள் கடைசியாக எழுந்து போன மாணவனை வகுப்பின் முன்னால் நிறுத்தினேன். "நான் இல்ல சார்" என்றான். நான் நம்பவில்லை. அவன் அப்பாவையும் வரவழைத்தேன். அவர் என் முன்னால் கைகட்டி நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தான் இல்லை என்று காட்ட அவனிடமும் வழி இல்லை. அந்த வழியை அடைத்தவன் நான். ஆளுக்கொரு கணக்கு திறக்க எனக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும். மதிப்பெண் பட்டியலைத் தொட அந்தக் கணக்குகளுக்கு உரிமை கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த விபத்தே நடந்திருக்காது.

தனிக் கணக்கு திருடனைப் பிடிக்க என்றுதான் பலரும் நினைக்கிறோம். தவறு செய்யாதவனைக் காப்பாற்றுவதும் அதுதான்.

அண்ணன் மகளுக்குச் சொன்னது இதுதான். மூணு நாள் ஆனாலும் பரவாயில்லை, உன் பெயரில் கணக்கு வரட்டும். வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டும் கேள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே சேர்த்து அடிக்காதே, அது பதிவில் தங்கிவிடும். கேட்கும்போது மட்டும் அடி. வேலையை விட்டு வரும்போது உன் கணக்கை மூடச் சொல்லிவிட்டு வா.

அந்தத் தம்பி இதைப் படித்தால், அன்று நான் செய்தது தவறு. மன்னித்துக்கொள். அப்பாவிடமும் சொல். முடிந்தால் வீட்டுக்கு ஒருமுறை வா.

அன்புடன்,
உங்கள் கணினி வாத்தியார்