கால் ஏக்கரா, கஞ்சியா?

நுவரேலியா போனவங்க கிரிகரி ஏரியைப் பார்க்காம திரும்பியிருக்க மாட்டீங்க. 1872லிருந்து 1877 வரை இலங்கை கவர்னரா இருந்த வில்லியம் கிரிகரி பேருதான் அது. கொழும்பு மியூசியம் வந்ததும் அவர் காலத்துலதான். ஆனா அயர்லாந்து வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பேரைத் தேடினா வருவது ஏரி இல்லை, ஒரு சட்டப்பிரிவு.

அதுக்கு முன்னாடி அந்த ஊர் குத்தகைக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துடலாம். நிலம் பெரும்பாலும் பிரபுக்கள் கையில். பாதிப் பேர் ஊர்ப்பக்கமே வரமாட்டாங்க, வசூலுக்கு ஏஜென்ட் இருப்பார். குத்தகைக்காரர் விளைவிக்கிற ஓட்ஸும் வளர்க்கிற பன்றியும் குத்தகைக்கே சரியாப்போகும். சாப்பிட உருளைக்கிழங்கு மட்டும். நிறைய பேருக்கு எழுதின ஒப்பந்தமே கிடையாது. கல் பொறுக்கி, வடிகால் வெட்டி நிலத்தைச் சீர் பண்ணினா, அதைக் காட்டியே குத்தகையை ஏத்தலாம். அப்புறம் யார் சீர் பண்ணுவாங்க? இதுல சோம்பேறின்னு பட்டம் வேற!

இன்னொரு ஏற்பாடு, தொங்கு தவணை. புதுசா வர்றவங்களுக்கு முதல் ஆறு மாசக் குத்தகையை நிலுவையிலேயே விட்டுவைப்பாங்க. தாராள மனசுன்னு நினைச்சுடாதீங்க. அன்னையிலிருந்தே அந்த ஆள் பாக்கிக்காரர். பாக்கியைக் காட்டி எப்ப வேணும்னாலும் வெளியே தள்ளலாம்.

1845ல் கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. 1847ல், அப்போ டப்ளின் எம்.பி.யா இருந்த கிரிகரி, ஏழை நிவாரணச் சட்டத்துல ஒரு பிரிவைச் சேர்க்கிறார்: கால் ஏக்கருக்கு மேல நிலம் வைத்திருந்தால் பொது நிவாரணம் கிடையாது. நம்ம கணக்குல 25 சென்ட். அதுக்கு மேல இருக்கிறதை விட்டுக்கொடுத்தாதான் கஞ்சி. பல ஜமீன்களில் குடிசையையும் சேர்த்தே கேட்டாங்க. குடும்பம் ஏழை விடுதிக்குள் போனதும் கூரையைப் பிரிச்சுடுவாங்க.

பிரபுக்களுக்கு இதுல என்ன லாபம்? 1843ல் வந்த சட்டப்படி, மதிப்பு 4 பவுண்டு வரை உள்ள துண்டு நிலங்களுக்கு ஏழை வரியைக் கட்டவேண்டியது நிலச்சொந்தக்காரர். குடியானவர் காலி பண்ணினா வரியும் மிச்சம், ஆடு மாடு மேய்க்க நிலமும் கிடைக்கும்.

கிரிகரியை வில்லனாக்குவது சுலபம். அவர் அப்பா, அதே 1847ல், பஞ்சக் காய்ச்சல் தொத்தி இறந்தவர். மகனுக்கும் மக்கள் மேல தனிப்பட்ட வன்மம் இருந்த மாதிரி எனக்குத் தெரியலை. துண்டு நிலத்துல விவசாயம் பிழைக்காது, அது ஒழிஞ்சா நாட்டுக்கு நல்லதுன்னு நம்பினார். எனக்கு அதுதான் இன்னும் பயமா இருக்கு. பார்லிமெண்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவங்க ரொம்பக் கொஞ்சம்.

1849லதான் போலீஸ் வெளியேற்றங்களை எண்ண ஆரம்பிச்சது. 1854 வரைக்குமே கிட்டத்தட்ட 2,50,000 பேர். கஞ்சிக்காக 'தானாகவே' நிலத்தை எழுதிக் கொடுத்துட்டுப் போனவங்க இந்தக் கணக்குல சேர்த்தி இல்லை.